மாதா தோட்டமும் வேரில் வாழும் செடிகளும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் கோயில்களில் மாதாவின் வணக்கமாதம் தொடங்கிவிடும். மாலையில் செபமாலை, பிரார்த்தனை, ஆசீர்வாதம். சுரூபத்தின் கழுத்தில் மல்லிகைச் சரம். கெபியின் முன் சிறுவர் சிறுமியர் பறித்து வந்து கொட்டும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் குவிந்து கிடக்கும். மறுநாள் காலையில் அவையெல்லாம் வாடிவிடும். கோயில்பிள்ளை கூட்டி அள்ளி வெளியே கொட்டுவார். தேவமாதாவுக்குப் பறித்த பூவைக் கொடுப்பது ஒரு முறை. செடியையே வேரோடு கொடுத்து, அதை ஆண்டாண்டாகப் பேணி வருவது மற்றொரு முறை. இந்த இரண்டாவது முறையைக் கைக்கொண்ட ஒரு பங்கின் வரலாற்றையும், அதற்கு முன்னோடியாய் அமைந்த பழைய மரபையும் இந்த ஜூபிலி மலரில் எழுதுவது பொருத்தம் என்று கருதினோம். அந்தப் பங்கு நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் என்னும் நிலமுனையில் அமைந்த வுட்ஸ் ஹோல் என்ற கடலோரச் சிற்றூரில் உள்ள புனித சூசையப்பர் ஆலயம் அது.

அங்கே செல்லுமுன் மாதா தோட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுவோம். நடுவில் அன்னையின் சுரூபம். சுற்றிலும் செடிகள். எந்தச் செடியும் கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டும் அங்கே இடம் பெறுவதில்லை. ஏதோ ஒரு வகையில் அன்னையின் பெயரையோ, அவர் வாழ்வின் நிகழ்ச்சி ஒன்றையோ தாங்கியதாக இருக்க வேண்டும். இத்தகைய செடிகளில் பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகள். அதாவது நெல்லைப் போலவும் உளுந்தைப் போலவும் ஒரே பருவத்தில் முளைத்துக் காய்த்து மடிந்து போகாமல், மேலே தண்டும் இலையும் கருகினாலும் மண்ணுக்குள் வேரோ கிழங்கோ உயிரோடு இருந்து, பருவம் வந்ததும் மீண்டும் துளிர்ப்பவை. நமக்குக் கோடையின் காய்ச்சலே செடிக்குச் சோதனை. பனி பெய்யும் நாடுகளிலோ குளிர்காலமே சோதனை. டிசம்பரில் அங்குள்ள தோட்டத்தைப் பார்ப்பவர் அங்கே ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். தவக்காலம் முழுவதும் மண் வெறுமையாகக் கிடக்கும். பாஸ்காவை ஒட்டி முளைகள் தலைகாட்டும். மே மாதத்தில் தோட்டம் நிறைந்துவிடும். திருவழிபாட்டு ஆண்டுக்கு இவ்வளவு ஒத்துப்போகும் தோட்டத்தைத் திட்டமிட்டும் அமைக்க முடியாது என்று தோன்றுகிறது.

இம்மரபு மிகப் பழையது. இனிமைமிகு பாடல் நூலின் 4ஆம் அதிகாரத்தில் வரும் அடைக்கப்பட்ட தோட்டத்தை அன்னையின் கன்னிமைக்கு உருவகமாகத் திருச்சபை தொன்றுதொட்டு எடுத்தாண்டு வந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்கு வந்து, மோ நகருக்கு அருகே காட்டைத் திருத்தித் தோட்டமிட்ட புனித ஃபியாக்கர், அங்கே தேவமாதாவுக்கு ஒரு சிற்றாலயமும் வழிப்போக்கருக்கு ஒரு சத்திரமும் அமைத்ததாக அவர் வரலாறு கூறும். தோட்டக்காரர்களின் பாதுகாவலர் இவரே. 9ஆம் நூற்றாண்டில் ரைஹனாவ் தீவு மடத்தைச் சேர்ந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ என்னும் துறவி, தம் கைப்படப் பயிரிட்ட தோட்டத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் பாடினார். கீரை, மூலிகை என்று 20-க்கு மேற்பட்ட செடிகளை அவர் அதில் விவரித்து, ரோஜாவையும் லீலியையும் கடைசியில் வைத்தார். ரோஜா வேதசாட்சிகளின் இரத்தத்துக்கும் லீலி விசுவாசத்தின் தூய்மைக்கும் அடையாளம் என்றார். இங்கிலாந்தின் நார்விச் நகரத்து மடத்தில் சக்கிறீஸ்துக்குப் பொறுப்பாயிருந்த துறவியின் 15ஆம் நூற்றாண்டுக் கணக்கில் ‘புனித மரியாயின் தோட்டம்’ என்றே ஒரு தோட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது. பீடத்துக்குரிய செலவுகளோடு தோட்டச் செலவும் ஒரே கணக்கில் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மடங்களில் நடந்தது இது. மடத்துக்கு வெளியே, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களும் அவர்தம் மனைவிமாரும் செய்த வேலைதான் நம்மை இன்னும் வியக்க வைக்கிறது. அவர்கள் வயலோரத்திலும் வேலியோரத்திலும் கண்ட செடிகளுக்கெல்லாம் அன்னையின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆல்கெமில்லா என்ற செடியின் இலை மடிப்பு மடிப்பாக விரிந்து, காலையில் நீர்த்துளியை முத்துப்போல் ஏந்தி நிற்கும். அது அவர்களுக்கு ‘நமது அன்னையின் போர்வை’. பள்ளத்தாக்கு லீலியின் வெண்ணிற மணிகள் ஒரு பக்கமாகத் தலைகவிழ்ந்து தொங்கும்; அவை சிலுவையடியில் உதிர்ந்த ‘அன்னையின் கண்ணீர்’. பல்மொனேரியா என்னும் செடியின் இலையில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருக்கும். அவை ‘அன்னையின் பால்துளி’. கேலியம் என்ற மஞ்சள் பூச்செடி காய்ந்தால் இனிய மணம் தரும். அதை ஐரோப்பியர் மெத்தையில் திணிப்பார்கள். பெத்லகேம் தொழுவத்தில் அன்னைக்குப் படுக்கையானது இதுவே என்றும், குழந்தை பிறந்த இரவில் இதன் வெள்ளைப் பூ பொன்னிறமானது என்றும் ஒரு கதை கட்டினார்கள். ஐரிஸ் செடியின் இலை வாள்போல் நிமிர்ந்து நிற்கும். சிமியோன் சொன்ன வாள் அதுவே என்றார்கள். கோலம்பைன் அவர் பாதரட்சை, ஆர்மேரியா அவர் சாய்ந்துகொள்ளும் திண்டு, ஃபாக்ஸ்குளோவ் அவர் கையுறை, நீல மயோசோட்டிஸ் அவர் கண்கள். செடியோடு நிற்காமல் சிறு பூச்சிக்கும் பெயர் போயிற்று. ஏழு புள்ளி கொண்ட சிவப்புப் பொறிவண்டை ஜெர்மானியர் ‘மரியாயின் வண்டு’ என்றார்கள். அன்னையின் ஏழு வியாகுலங்களை அந்தப் புள்ளிகளில் எண்ணியவர்களும் உண்டு.

நம் பாட்டிமார் அடுப்படியில் உலை வைக்கும்போதும் மாவு பிசையும்போதும் சிலுவை அடையாளம் வரைவார்களே, அதைப் போன்றதுதான் இது. புத்தகம் இல்லாதவர்களுக்கு வயலே புத்தகமாயிற்று. தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடக்கும் பெண் ஒருத்தி வழியெல்லாம் அன்னையின் வாழ்வைப் படித்துக்கொண்டே போகலாம்.

பின்னர் 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரும் மாறுதல் ஏற்பட்டது. மடங்கள் மூடப்பட்டன. வால்சிங்ஹாம் அன்னையின் திருத்தலம் 1538-ல் அழிக்கப்பட்டது. சுரூபங்களை உடைக்க முடிந்தது. யாத்திரையைத் தடுக்க முடிந்தது. ஆனால் வேலியோரத்துச் செடியின் பெயரைப் பிடுங்கி எறிய எந்த அதிகாரியாலும் முடியவில்லை. பெயர் மெல்லத் தேய்ந்தது மட்டும் உண்மை. ‘நமது அன்னையின் போர்வை’ என்பதில் ‘நமது’ என்ற சொல் உதிர்ந்து ‘லேடீஸ் மேன்டில்’ ஆயிற்று. ‘லேடீஸ் பெட்ஸ்ட்ரா’ என்று சொல்லும் இன்றைய ஆங்கிலேயரில் பலருக்கு அந்த லேடி யாரென்று தெரியாது. ஏதோ ஒரு சீமாட்டி என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சிறிய சொல் உதிர்ந்ததில் எவ்வளவு மறைந்துவிட்டது பாருங்கள்!

கற்றவர்களும் தம் பங்குக்கு மாற்றினார்கள். மிதியடி வடிவப் பூவைத் தரும் ஓர் ஆர்க்கிட் செடியைப் பழைய தாவர நூலார் இலத்தீனில் ‘மரியாயின் மிதியடி’ என்று எழுதி வந்தனர். 1753-ல் லின்னேயஸ் அதற்கு சைப்ரிபீடியம் என்று பெயரிட்டார். கிரேக்கரின் காதல் தெய்வத்துக்கு வழங்கிய பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஆயினும் அவரே வெண்ணரம்போடிய ஒரு முட்செடிக்கு மட்டும் ‘மரியானஸ்’ என்ற அடைமொழியை விட்டுவைத்தார். அன்னையின் பால் சிந்தி அந்த நரம்புகள் வெளுத்தன என்பது குடியானவர் கதை. இன்று சிலிபம் மரியானம் என்று அறிவியல் நூல்களில் வழங்கும் அச்செடியின் பெயரில், எந்த மதத்தைச் சேர்ந்த தாவர அறிஞரும் அன்னையின் பெயரை உச்சரித்தே ஆக வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பக்தி மிகுதியால் எல்லாப் பெயரையும் அன்னையோடு முடிச்சுப் போடுவது சரியல்ல. ரோஸ்மேரி என்ற மூலிகையின் பெயரில் மேரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இலத்தீனில் ‘கடலின் பனித்துளி’ என்று பொருள்படும் சொற்களே மருவி அப்படி ஆயின. வெண்டைக்காயின் ஆங்கிலப் பெயரைப் பார்த்துவிட்டு அதையும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். காயின் வடிவை விரலுக்கு ஒப்பிட்டுச் சொன்ன பெயர் அது. ‘மேரிகோல்ட்’ என்பது மெய்யாகவே ‘மரியாயின் பொன்’தான். ஆனால் அந்தப் பெயரை முதலில் பெற்றது ஐரோப்பாவின் கலெண்டுலா. நாம் மாலை கட்டும் கேந்திப்பூ மெக்சிகோ நாட்டிலிருந்து கொலம்பஸ் காலத்துக்குப் பின் கடல் கடந்து வந்தது. சாயலைக் கண்டு அதற்கும் அதே பெயரை வைத்தார்கள்.

இனி வுட்ஸ் ஹோலுக்கு வருவோம். அது சாதாரண மீன்பிடி ஊரன்று. 1888-ல் அங்கே கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. கோடைதோறும் அமெரிக்காவின் பெரும் விஞ்ஞானிகள் அங்கே கூடுவார்கள். அந்த ஆய்வுக்கூடத்தைப் பல்லாண்டு நடத்தியவர் ஃபிராங்க் லில்லி என்னும் புகழ்பெற்ற கருவியல் அறிஞர். அவருடைய மனைவி திருமதி ஃபிரான்சஸ் கிரேன் லில்லி, சிகாகோவின் பெருஞ்செல்வர் ஒருவரின் மகள். கத்தோலிக்க மறையைத் தேடிக் கண்டு தழுவியவர். விஞ்ஞானிகள் நிறைந்த ஊரில் விசுவாசத்துக்குச் சான்றாக என்ன செய்யலாம் என்று அவர் எண்ணினார். விவாதம் செய்யவில்லை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சூசையப்பர் ஆலயத்துக்கு எதிரே குளக்கரையில் கல்லால் ஒரு மணிக்கோபுரம் எழுப்பித்தார். மூவேளை செபத்துக்கு ஒலிக்கும் அதன் மணிகள் இரண்டுக்கும் மெண்டல், பாஸ்டர் என்று பெயரிட்டார். இருவரும் கத்தோலிக்கர், இருவரும் உயிரியலின் தூண்கள். ஆய்வுக்கூடத்தில் தவளைக் கருவையும் கடல் முள்ளெலியின் முட்டையையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பவர் காதில், நண்பகலில் மெண்டலின் பெயரால் திரிகால மணி விழும்!

மெண்டல் தோட்டத்தில் பிறந்த விஞ்ஞானி என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். புர்னோ நகரத்து அகுஸ்தீனார் மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து எண்ணிப் பார்த்தே அவர் மரபுவிதிகளைக் கண்டார். பட்டாணி ஒரு பருவப் பயிர், சொன்னபடி கேட்டது. அதன் பின் ஹைராசியம் என்ற பல்லாண்டுச் செடியை எடுத்துக்கொண்டார். அது அவருடைய விதிகளுக்கு அடங்கவில்லை. மகரந்தச் சேர்க்கையின்றியே விதை வைக்கும் இயல்பு அச்செடிக்கு உண்டு என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

கோபுரத்தடியில் 1932-ல் திருமதி லில்லி மாதா தோட்டத்தை அமைத்தார். அமெரிக்காவில் பொதுமக்கள் காணும்படி அமைந்த முதல் மாதா தோட்டம் இதுவே என்று கருதப்படுகிறது. அவர் ஆங்கில நாட்டுப் பழம்பெயர்களை ஆராய்ந்து, அன்னையின் பெயர் தாங்கிய 40-க்கு மேற்பட்ட செடிகளைத் தெரிந்தெடுத்தார். தோட்டக்கலை வல்லுநரைக் கொண்டு, எந்தச் செடி எந்தப் பாத்தியில் என்று வரைபடம் தயாரித்தார். செடியின் பெயரோடு அதன் பழைய மாதா பெயரையும் எழுதிவைத்தார். இந்த வரைபடத்தை நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதுதான் தோட்டத்தைக் காப்பாற்றியது.

பல்லாண்டுச் செடி என்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. முதலாண்டில் வேர் மட்டுமே வளரும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். மூன்றாம் ஆண்டில்தான் தூர் கட்டிப் பூக்கும். பிறகு சில ஆண்டுகளில் தூர் நெருங்கி நடுப்பகுதி செத்துப்போகும். அப்போது தோண்டி எடுத்துப் பிரித்து நட வேண்டும். ஐரிஸ் கிழங்கைப் பூத்து முடிந்தபின் பிரித்து, முதுகில் வெயில் படும்படி மேலாக நட வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். மற்ற லீலிகளை ஆழமாக நடுவார்கள். மங்கள வார்த்தைத் திருநாள் படங்களில் கபிரியேல் தூதர் கையில் ஏந்தி நிற்கும் வெள்ளை லீலியையோ ஓர் அங்குல மண்ணுக்குக் கீழே வைத்தால் போதும். இவ்வாறு பிரிக்கும்போது ஒரு தூர் நான்காகும், ஐந்தாகும். மிஞ்சியதை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பார்கள். இத்தோட்டங்களைச் சுற்றி அன்பர் குழுக்கள் கூடுவதற்குக் காரணம் இதுதான். விதைப் பொட்டலத்தைக் கடையில் வாங்கலாம். வேரைக் கைமாற்ற ஆட்கள் நேரில் சந்திக்க வேண்டும். யார் வீட்டுத் தூர் யார் வீட்டுக்குப் போயிற்று என்ற சங்கிலி, ஞானஸ்நானத் தாய்தந்தையர் உறவைப் போல ஒரு பங்கைப் பின்னிவிடுகிறது.

வுட்ஸ் ஹோலின் செய்தி பிலடெல்பியா நகரத்துக்குப் போயிற்று. ஜான் ஸ்டோக்ஸ், எட்வர்டு மக்டேக் என்னும் இரு பொதுநிலையினர் 1951-ல் ‘மேரீஸ் கார்டன்ஸ்’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். இவர்கள் குருக்களும் அல்லர், கன்னியரும் அல்லர். தொழில் செய்து பிழைத்தவர்கள். மாதா பெயர் கொண்ட செடிகளின் விதைகளையும், அவற்றின் பெயர் விளக்கம் அடங்கிய சிறு வெளியீட்டையும் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினர். அன்னையின் விண்ணேற்பு 1950-ல் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 12ஆம் பத்திநாதர் 1953 டிசம்பர் 8 முதல் ஓர் ஆண்டை மரியாயின் ஆண்டாக அறிவித்தார். காலம் கனிந்திருந்ததால் வீடுகளிலும் பங்குகளிலும் பள்ளிகளிலும் சிறு சிறு தோட்டங்கள் முளைத்தன. ஸ்டோக்ஸ் தம் ஆயுளின் பெரும்பகுதியைப் பெயர்களைத் திரட்டுவதில் செலவிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகளின் மாதா பெயர்கள் சேர்ந்தன. அவர் சேர்த்தவை இன்று டேட்டன் பல்கலைக்கழகத்தின் மரியியல் நூலகத்தில் காக்கப்படுகின்றன. அயர்லாந்தின் நாக் திருத்தலத்திலும், கத்தோலிக்கருடையதல்லாத லிங்கன் பேராலயத்தின் முற்றத்திலும்கூட மாதா தோட்டம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் எந்த மண்ணில் அந்தப் பெயர் தேய்ந்ததோ, அதே மண்ணுக்கு அது செடியாகத் திரும்பிவந்திருக்கிறது.

வுட்ஸ் ஹோல் தோட்டத்துக்குச் சோதனைகள் வராமலில்லை. உப்புக் காற்று ஓயாமல் வீசும் கரை அது. 1938 செப்டம்பர் 21-ல் அந்தக் கரையைத் தாக்கிய சூறாவளி, நம் நாட்டவர் 1964-ல் தனுஷ்கோடியில் கண்டதைப் போலக் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது. உப்புநீர் ஏறிய மண்ணில் வேர் பிழைப்பது அரிது. திருமதி லில்லியும் 1958-ல் காலமானார். நிறுவியவர் மறைந்ததும் ஒரு தோட்டம் எப்படிப் போகும் என்பதை நாமும் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். வலுத்த செடி மெலிந்த செடியை விழுங்கும். எது எந்தச் செடி என்று தெரியாதவர்கள் களை என்று பிடுங்குவார்கள். பேர் தெரியாத செடிக்கு அழகான கடைச் செடி ஒன்று மாற்றாக வரும். பாத்தி இருக்கும், மாதா தோட்டம் இராது. அங்கே அப்படி ஆகிவிடாமல், பின்வந்தவர்கள் பழைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் கண்ட செடிகளைத் தேடி மீண்டும் நட்டனர். 1982-ல் அத்தோட்டம் தன் பொன்விழாவைக் கண்டது.

அந்தச் செடிகளை நாம் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கொடைக்கானல், உதகை போன்ற மலைகளில் அவற்றிற் சில செழிக்கும். நம் சமவெளியின் வெயிலுக்கு ஆல்கெமில்லாவும் பள்ளத்தாக்கு லீலியும் ஒரு கோடையைத் தாங்கமாட்டா. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. நம்மிடமும் வேரில் வாழும் செடிகள் நிறைய உண்டு. கல்வாழை மண்ணுக்குள் கிழங்கோடிப் பெருகும். அதன் கறுத்த விதை ஈயக்குண்டு போலக் கடினமானது. பல நாடுகளில் அதைக் கோத்துச் செபமாலை செய்கிறார்கள். வாசலில் கல்வாழை வைத்திருக்கும் வீட்டார் எத்தனை பேருக்கு இது தெரியும்? நிலச்சம்பங்கி கொத்துக் கொத்தாகக் கிழங்கு வைத்து, இரண்டு மூன்று ஆண்டில் நெருங்கிவிடும். தோண்டிப் பிரித்தால் பத்து வீட்டுக்குப் பங்கிடலாம். அதன் வெண்மையும் மணமும் லீலிக்குக் குறைந்தவை அல்ல. இவ்விரண்டுமே அமெரிக்க மண்ணிலிருந்து வந்து நம் மண்ணில் ஊறியவை என்பதால், வந்த செடி என்று ஒதுக்கவும் இடமில்லை. நித்தியகல்யாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி என்று எந்த வீட்டுக் கொல்லையிலும் கிடைப்பவை வேறு.

இவற்றில் எதையும் பீடத்தின் மீது குவிக்க வேண்டியதில்லை. பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில் அளவு வேண்டும் என்றும், மலர்களைப் பீடத்தின் மேல் வைப்பதைவிடச் சுற்றிலும் வைப்பதே நன்று என்றும், தவக்காலத்தில் மலர் அலங்காரம் வேண்டாம் என்றும் திருச்சபையின் ஒழுங்கே கூறுகிறது. அந்த நாற்பது நாளும் செடி பூக்கத்தான் செய்யும். அது கெபியருகே மண்ணில் நின்று பூக்கட்டும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூவைச் சுரூபத்தின் காலடியில் ஆண்டு முழுதும் தூசி படிய வைத்திருப்பதைவிட, பூக்காத காலத்தில் வெறும் இலையோடு நிற்கும் ஒரு மல்லிகைப் புதர் மேலானது என்பது எங்கள் எண்ணம்.

மல்லிகை என்றதும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். குண்டுமல்லி பயிரிடும் நம் விவசாயிகள் நவம்பர் கடைசியில், ஏறக்குறைய திருவருகைக் காலம் தொடங்கும் வாரத்தில், செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுவார்கள். கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பார்த்தால் வெறுங்குச்சிகள்தாம் நிற்கும். உரமிட்டு நீர் பாய்ச்சினால் தை, மாசியில் துளிர்த்து, பங்குனி தொட்டு அரும்பு கட்டும். வணக்கமாதம் பிறக்கும் வேளையில், விடியுமுன் கூடை கூடையாக எடுக்க வேண்டியிருக்கும்.